‘போகட்டும்’ என்றது யார்?

அத்தியாயம் 6

“மூணாவது மாடி,” என்றார் டீச்சர்.

“லிஃப்ட்?”

“ரிப்பேர்.”

“ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் ஆள் இல்லாம தானா ஓடுது. இந்த லிஃப்ட்டுக்கு மட்டும் என்ன கேடு?” என்று முணுமுணுத்துக்கொண்டே ரிவர்ஸ் படியேறினான்.

ரிவர்ஸ் என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், முன்னால் போக வேண்டிய வண்டியைப் பின்னால் விட்டுப் போலீஸ் ஸ்டேஷன் சுவரை இடித்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். டிரைவர் இல்லாத வண்டிகள் வந்தன, டாக்சி ஸ்டாண்டு காலியானது, பெயர் மட்டும் மிஞ்சியது. இப்போது நாற்பத்தைந்து வயதில் டீச்சரிடம் உதவியாளன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தவர். துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் பழைய புத்தி போகவில்லை. மிரட்டல் கடிதத்தைக் கையில் கொடுத்தால் முதலில் சந்திப் பிழையைத் திருத்துவார் என்று ரிவர்ஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கதவைத் திறந்தவள்தான் கேஸைக் கொண்டுவந்தவள். கண் இரண்டும் சிவந்திருந்தன. உள்ளே, ஜன்னலோரம் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் இவர்களைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தார். நாற்காலியின் ஒரு காலில் ரப்பர் இல்லை. தரையில் உராய்ந்து கிறீச்சென்று பல்லைக் கூசவைத்தது.

“உட்காருங்க, உட்காருங்க,” என்றார் டீச்சர்.

“இருக்கட்டும் மேடம்.”

“உட்கார மாட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டுவரவன் வந்தாக்கூட எழுந்து நிப்பார். அந்த மாதிரி மனுஷனைத்தான் கொலைகாரன்னு சொல்றாங்க,” என்றாள் மனைவி.

அந்த மனிதரைக் கூட வேலை செய்பவர்கள் பஸ்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பல வருஷம் பஸ் ஓட்டியவர். பஸ்ஸும் தானாக ஓட ஆரம்பித்த பிறகு, அந்த வண்டிகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்கிற கம்பெனியில் சேர்ந்தார். வண்டிகள் தம்பாட்டுக்கு ஓடும். புரியாத ஒன்று எதிரே வந்தால் மட்டும் நின்று, கண்காணிப்புக் கூடத்தில் இருப்பவரை உதவிக்குக் கூப்பிடும். அவர் திரையில் பார்த்துவிட்டு மேசை மைக்கில் ‘போகட்டும்’ என்றால் போகும். ‘நில்’ என்றால் நிற்கும். ஓட்டத் தெரிந்தவனை உட்காரவைத்து வேடிக்கை பார்க்கச் சொல்லிவிட்டு அதற்கு உத்தியோகம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று ரிவர்ஸுக்கு வயிறு எரிந்தது.

போன மாதம் அப்படி ஒரு வண்டி நடுரோட்டில் நின்றது. ஒரு சுமைக்கூலி, அலமாரிக்குப் போடுகிற ஆளுயரக் கண்ணாடியைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். வண்டி பார்த்தது கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே. கூலிக்காரருக்குத் தெரிந்தது கண்ணாடிக்குப் பின்னால் அடித்திருந்த பலகை மட்டும். எதிரே வண்டி வருகிறது, என்ன செய்ய என்று அது கேட்டது. பஸ்காரரின் மேசையிலிருந்து ‘போகட்டும்’ என்று உத்தரவு போனது. வண்டி போனது. கூலிக்காரர் அங்கேயே செத்தார்.

“நாளைக்குக் காலைல கோர்ட்டுல என்ன சொல்லப் போறீங்க?” என்று டீச்சர் கேட்டார்.

“நான்தான் சொன்னேன்னு ஒத்துக்கப் போறேன்.”

“நிஜமாவே நீங்கதான் சொன்னீங்களா?”

“சொல்லியிருப்பேன் மேடம்.”

“சொன்னேன் வேற, சொல்லியிருப்பேன் வேற. எது?”

பஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “ஞாபகம் இல்லை. ஆனா மெஷின்ல பதிஞ்சிருக்கே. மெஷின் பொய் சொல்லுமா?”

“குரல் பதிஞ்சிருக்கா?”

“குரலை வெச்சுக்கறதில்லை மேடம். இடம் போதலையாம். ‘போகட்டும்’னு எழுத்துல மட்டும்தான் இருக்கும். என் மேசை, என் வண்டி. அங்க வேற யார் வந்து சொல்லப்போறாங்க?”

“இவர் சொல்லலை,” என்று மனைவி குறுக்கே வந்தாள். “அந்த வார்த்தையே இவர் வாயில வராதுங்க. வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து வீட்டுல கூடச் சொன்னதில்லை. பால் பொங்கி வழிஞ்சா ‘தொலையட்டும்’பார். பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தா ‘விட்டுத் தள்ளு’ம்பார். நானே மறந்து அந்த வார்த்தையைச் சொல்லிட்டா, ரோட்டுல என்னமோ நகர்ந்துட்ட மாதிரி பதறுவார். அப்படிப்பட்டவர் வேலை நேரத்துல பார்க்காம சொன்னார்னா யார் நம்பறது?”

“தூக்கத்துல?” என்றான் ரிவர்ஸ்.

“தூக்கத்துல ‘நில்லு நில்லு’ன்னு கத்தறார். ஒரு மாசமா.”

சில நேரம் ரிவர்ஸின் ஜோக்குகள் அவன் மீதே திரும்பி விழும்.

“அந்த நேரத்துல என்ன நடந்துச்சு? மறுபடி சொல்லுங்க,” என்றார் டீச்சர்.

“ஒருத்தருக்கு நாலு வண்டின்னுதான் விதி. எங்களுக்கு ஒன்பது. ஒன்பதுல ஒண்ணு கூப்பிட்டுச்சு. நான் அப்ப எழுந்து நின்னுட்டிருந்தேன்...” பாதியில் நிறுத்தி எச்சிலை விழுங்கினார். “திரும்பிப் பார்க்கறேன், வண்டி நகருது. ‘நில்’னு கத்தினேன். அதுக்குள்ள கண்ணாடி உடையற சத்தம் கேட்டுடுச்சு.”

“எதுக்கு எழுந்து நின்னீங்க?”

“கால் மரத்துப் போச்சு.”

சொல்லும்போது அவர் டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை. மனைவி அவரையே பார்த்தாள்.

“எதையாவது மறைக்கிறீங்களா?”

“மேனேஜர் நல்ல மனுஷன் மேடம். ஜாமீனுக்கு ஆள் பிடிச்சது அவர்தான். நான் ஒத்துக்கிட்டா மத்தவங்க வேலையாவது தப்பிக்கும். அறுபது குடும்பம் இருக்கு.”

“நீங்க உள்ள போனா இங்க இருக்கிற ஒரு குடும்பம்?” என்று டீச்சர் கேட்டார்.

படியில் இறங்கும்போது மனைவி பின்னாலேயே வந்து ரிவர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, எப்படியாவது பார்த்துப் பண்ணுங்க. விபத்து அன்னைக்குன்னு பார்த்து, முந்தின நாளே ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வெச்சார். இஸ்திரி போட்ட சட்டை. கல்யாணத்துக்குப் போற மாதிரி போனார். திரும்பி வந்தது போலீஸ் ஜீப்புல.”

டீச்சர் இரண்டு படி கீழே நின்றிருந்தார். திரும்பிப் பார்க்காமல், “பாலிஷா?” என்று மட்டும் கேட்டார்.

*

கண்காணிப்புக் கூடத்தில் ஜன்னலே கிடையாது. வரிசை வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒன்பது திரைகள், நடுவில் தாமரை மொட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மைக். திரைகளில் தெருக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் கண் சிமிட்டுவதற்கே யோசிக்கிற மாதிரி இருந்தார்கள். மேனேஜர் இவர்கள் கையில் ஆளுக்கொரு டீயைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது யாரும் திரும்பவில்லை, எழவும் இல்லை.

“பாருங்க மேடம், எவ்வளவு கவனமா இருக்காங்க. கடவுளே வந்தாலும் கண்ணை எடுக்க மாட்டாங்க,” என்றார் மேனேஜர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. பஸ்காரருக்கு ஜாமீன் ஆள் பிடித்த நல்ல மனுஷன் இவர்தான்.

பஸ்காரரின் மேசையில் இப்போது ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முன்பு பக்கத்து மேசையில் இருந்தவளாம்.

“உங்களுக்கு எத்தனை வண்டிம்மா?” என்று டீச்சர் கேட்டார்.

அவள் மேனேஜரைப் பார்த்தாள். “நாலு,” என்றாள். அவள் எதிரே ஒன்பது தெருக்கள் ஓடின.

“கணக்குல புலி போல,” என்றான் ரிவர்ஸ்.

அவன் கண் மேசைக்கு அடியில் போனது. தரைவிரிப்பில் ஒரே ஒரு இடம் மட்டும் தேய்ந்து, நூல் நூலாகப் பிய்ந்திருந்தது. வலது கால் படுகிற இடம். ரிவர்ஸுக்கு உடனே புரிந்தது. அந்த மனுஷன் இல்லாத பிரேக்கை இத்தனை நாளாக மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார். திரையில் எவனாவது குறுக்கே வந்தால் கால் தன்னால் அமுங்கியிருக்கும். டாக்சியை விட்ட பிறகு ரிவர்ஸும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் அப்படித்தான் மிதித்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அவர் மேல் இருந்த எரிச்சல் அந்த இடத்தில் அவனை விட்டுப் போயிற்று.

“ரிவர்ஸ், கால்களைப் பார்த்தது போதும். கையில டீ ஆறுது,” என்றார் டீச்சர்.

அது காரிலேயே பேசி வைத்த சமிக்ஞை. அந்த மேசையில் உதவி கேட்டு நிற்கிற வண்டி எதுவும் இல்லை என்பதை டீச்சர் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொன்னார். ரிவர்ஸ் மேனேஜர் பக்கம் திரும்பினான். மேசைக் காலில் தடுக்கினான். டீ முழுவதும் அந்த வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது.

“ஐயையோ சார்! மன்னிச்சிருங்க சார்! குருட்டுத்தனமா... அடடா, புதுச் சட்டையாச்சே!”

மேனேஜரின் முகம் ஒரு கணம் கொதித்தது. வெளி ஆட்கள் எதிரே கோபப்பட முடியாது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சிரிக்க முயன்றார். ரிவர்ஸ் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லு ராசா, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லு.

“தொலையட்டும், விடுங்க. சட்டைதானே,” என்றார் மேனேஜர்.

டீச்சர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. இரண்டு நாளாக அவர்கள் சந்தேகப்பட்டது இந்த ஆளைத்தான். மேசை மேசையாகச் சுற்றி வருகிறவர், யாரையோ சமாதானப்படுத்தும்போது வாய் தவறியிருப்பார் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

“நீங்களும் இந்த மேசையில உட்கார்ந்து வந்தவர்தானா சார்?” என்று டீச்சர் கேட்டார்.

“ஆமா. அஞ்சு வருஷம். ஏன்?”

“சும்மா கேட்டேன். வேற யாராவது இந்த மைக்குல பேசினா வண்டி கேக்குமா?”

“கேக்காது. குரல் பூட்டு இருக்கு. மேசைக்காரர் குரல் தவிர வேற குரலுக்கு வண்டி அசையாது. அது கட்டாய விதி. அது இல்லைன்னா கூடத்தையே மூடிடுவாங்க.”

ரிவர்ஸுக்கு எல்லாம் முடிந்த மாதிரி இருந்தது. பூட்டு இருந்தால் பஸ்காரரைத் தவிர வேறு யாரும் இல்லை. நாளைக்குக் கோர்ட், அப்புறம் ஏழு வருஷம் உள்ளே. கடுப்பில் வாய்க்கு வந்ததைப் பேசினான். “என்ன இருந்தாலும் உங்களுக்குப் பெரிய மனசு சார். வேற ஆளா இருந்தா அடிச்சிருப்பான். நீங்க போக...”

பட்டென்று ஒரு சத்தம். மேசையிலிருந்த பெண் இரண்டு கைகளாலும் மைக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்து மேசைக்காரனும் தன் மைக்கைப் பொத்தியிருந்தான்.

“ஏம்மா,” என்றார் டீச்சர் மெதுவாக, “பூட்டின வீட்டுக்குள்ள யாராவது திருடனுக்குப் பயந்து கதவைப் பிடிச்சுட்டு நிப்பாங்களா?”

அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. மேனேஜர் டீ வழியும் சட்டையோடு வாசலைக் காட்டினார். “பார்வை நேரம் முடிஞ்சது. கிளம்புங்க.”

*

டீச்சர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். ரிவர்ஸின் கார் அவரைப் போலவே பழசு. வேகத்தைக் கூட்டினால் முனகும்.

“பூட்டு இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. அங்க யார் பேசினாலும் வண்டி ஓடும். அதுவரைக்கும் நல்லது,” என்றான் ரிவர்ஸ். “ஆனா அங்க யாரும் அந்த வார்த்தையைப் பேசறதில்லையே. மேனேஜர் மேலயே டீயைக் கொட்டினாலும் ‘தொலையட்டும்’ங்கிறான்.”

“அதனாலதான் இது அவங்க யாரும் இல்லை. நாக்கு பழகாத ஆள். வெளியாள்.”

“அங்க வெளியாளுக்கு என்ன வேலை?”

“அங்க உட்கார்ந்திருக்கிறவங்க காலைப் பார்த்தியே, என்ன போட்டிருந்தாங்க?”

ரிவர்ஸ் யோசித்தான். “செருப்பு. ரப்பர் செருப்பு. ஒருத்தன் வெறுங்கால்.”

“யாரும் பார்க்கப்போறதில்லைன்னு தெரிஞ்சவங்க ரப்பர் செருப்புலதான் வருவாங்க. நம்ம ஆள் அன்னைக்கு மட்டும் பாலிஷ் போட்ட ஷூவுல போயிருக்கார். மேனேஜர் உள்ள வந்தப்ப யாரும் எழுந்திருக்கலை. அன்னைக்கு இவர் எழுந்து நின்னிருக்கார், திரைக்கு முதுகைக் காட்டி.”

கார் தானாக மெதுவாயிற்று. ரிவர்ஸின் கால் பிரேக்கில் இருந்தது. “பெரிய அதிகாரி! ஆய்வுக்கு வந்திருக்கான்!”

“வந்திருக்கார். கண்காணிப்புக் கூடங்களைச் சோதிக்கிற அதிகாரி இந்த ஊருக்கு ஒருத்தர்தான், பாதுகாப்பு ஆய்வாளர். இந்த விபத்தை விசாரிச்சு அறிக்கை எழுதினவரும் அவரேதான்.” டீச்சர் மடியிலிருந்த, வக்கீல் கொடுத்த காகிதக் கட்டைத் தட்டினார். “அதுல ஒரு வரி காலைலேர்ந்து என்னை உறுத்துது. பிழை இல்லாத வரி. அதான் உறுத்துது.”

“இப்ப எங்க போறோம்?”

“அவர் ஆபீஸுக்கு. காரை எங்க நிறுத்தணும்னு நான் சொல்றேன்.”

*

ஆய்வாளர் தங்கமான மனிதராக இருந்தார். அதுதான் ரிவர்ஸுக்குச் சங்கடமாகப் போயிற்று. வெள்ளை முடி, சாந்தமான முகம். இவர்களை உட்காரவைத்து, மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, “வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல தண்ணி குடிங்க,” என்றார்.

“கூடத்துல விதிகள் எப்படி சார்? பின்பற்றறாங்களா?” என்று டீச்சர் ஆரம்பித்தார்.

“முடிஞ்ச வரைக்கும் பண்றாங்கம்மா. ஒருத்தருக்கு நாலு வண்டி, குரல் பூட்டு, நடுவுல ஓய்வு, படம் தாமதமா வந்தா வண்டி தானா ஓரங்கட்டறது, இப்படி நிறைய இருக்கு. எல்லாத்தையும் ஒரே நாள்ல எதிர்பார்க்க முடியுமா? ரொம்ப இறுக்கிப் பிடிச்சா கம்பெனியை மூடிட்டுப் போயிடுவான். வேலை செய்யறவங்கதான் தெருவுக்கு வருவாங்க.”

கதவு திறந்தது. காவலாளி தலையை நீட்டினான். “ஐயா, எவனோ ஒருத்தன் ஓட்டைக் காரை உங்க வண்டிக்குக் குறுக்கே நிறுத்தியிருக்கான். நம்ம வண்டியை எடுக்கவே முடியாது.”

ரிவர்ஸ் எழுந்து கையைப் பிசைந்தான். நடிப்பில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. “என் காருங்க. அவசரத்துல கவனிக்கலை. இதோ எடுத்துடறேன். மன்னிச்சிருங்க சார்.”

ஆய்வாளர் சிரித்தார். கள்ளமில்லாத, வாய் நிறைந்த சிரிப்பு.

“பதறாதீங்க தம்பி. தெரியாமப் பண்ணினதுதானே. சரி, இந்தத் தடவை போகட்டும்.”

ரிவர்ஸ் சட்டென்று டீச்சரைப் பார்த்தான். டீச்சர் கண்ணை மூடியிருந்தார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

காவலாளி கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

“எது போகட்டும் சார்?” என்று டீச்சர் கேட்டார்.

“என்னம்மா?”

“வாக்கியத்துல எழுவாய் இல்லை. எது போகட்டும்? இவர் கார் போகட்டுமா? இவர் பண்ணின தப்பு போகட்டுமா?”

“தப்புதான்மா. மன்னிச்சேன்னு அர்த்தம்.” ஆய்வாளருக்குச் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. “இதுல என்ன சந்தேகம்?”

“மனுஷனுக்குச் சந்தேகமே வராது சார். எழுவாயைத் தானா போட்டுக்குவான். மெஷினுக்குத் தெரியாது. போன மாசம் அந்தக் கூடத்துல குரல் பூட்டு இல்லைன்னு கண்டுபிடிச்சீங்க. மேனேஜர் உங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சியிருப்பார். நீங்க மேசைப் பக்கமா நின்னு, மைக்குக்கு மேல, இதே மாதிரி சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க.” டீச்சரின் குரல் தாழ்ந்தது. “நீங்க தப்பைப் போகச் சொன்னீங்க. வண்டி போயிடுச்சு.”

ஆய்வாளரின் சிரிப்பு முகத்திலேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அர்த்தம் இழந்தது.

“இது ஊகம்,” என்றார்.

“அந்த மேசையைச் சுத்தி நின்னவங்க எல்லார் காதுலயும் விழுந்திருக்கு சார். யார் மேசைன்னுதான் போலீஸ் கேட்டுச்சு. யார் வந்ததுன்னு இதுவரைக்கும் யாரும் கேக்கலை. கேட்டா சொல்லுவாங்க. இன்னைக்கு ஒரு பொண்ணு கிட்டத்தட்ட சொல்லிட்டா, வாயைத் திறக்காமலே.”

“எனக்கு அன்னைக்கு எதுவும் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. சொன்ன உடனே என்னை மேனேஜர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

“அன்னைக்குத் தெரியாது. ஒத்துக்கறேன். அறிக்கை எழுதும்போது?” டீச்சர் கட்டைப் பிரித்தார். “உங்க தமிழ் நல்ல தமிழ் சார். ‘வண்டி சாலையில் நின்றது. கூலித் தொழிலாளி சாலையைக் கடந்தார். கண்காணிப்பாளர் எழுந்து நின்றார்.’ ஒவ்வொரு வரியிலும் யார் செஞ்சாங்கன்னு பளிச்சுன்னு இருக்கு. ஒரே ஒரு வரியைத் தவிர. ‘போகட்டும் என்று உத்தரவு வழங்கப்பட்டது.’ யாரால? அங்க மட்டும் ஏன் செயப்பாட்டு வினை? அவர் சொன்னார்னு எழுத உங்க கை வரலை. நான் சொன்னேன்னு எழுதவும் வரலை. அவர் எழுந்து நின்னதை மட்டும் குத்தமா எழுதியிருக்கீங்க. யாருக்காக எழுந்தார்னு எழுதலை.”

ரிவர்ஸுக்கு நாக்கு துறுதுறுத்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவன் ஒரு ஜோக் அடிப்பான். அந்தத் தேய்ந்த தரைவிரிப்பு கண்ணுக்குள் நின்றது, ஒன்றும் வரவில்லை.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வைத்த பிறகு அதையே வெறித்துப் பார்த்தார். “ஒருத்தர் பாத்ரூம் போனா பக்கத்து ஆள் பார்த்துக்கணும், பூட்டு போட்டா முடியாது, அவ்வளவு பேருக்கு ஆள் போட வசதியில்லைன்னு மேனேஜர் அழுதான். மூடச் சொல்லி எழுதியிருக்கணும். அறுபது பேர் முகத்தைப் பார்த்தேன், எல்லாரும் எழுந்து நின்னாங்க, மனசு வரலை. பாவப்பட்டுதாம்மா சொன்னேன். ஒரு மனுஷன் பாவப்படறது தப்பா?”

“கண்ணாடி தூக்கிட்டுப் போனவருக்காக யாரும் பாவப்படலையே சார்,” என்றான் ரிவர்ஸ். அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. “அவருக்காகத்தானே அந்தப் பூட்டு.”

ஆய்வாளர் அவனைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். கைகள் இரண்டும் மேசைமேல் தாமாகக் கும்பிடுவது போலச் சேர்ந்தன.

“எனக்கு இன்னும் நாலு மாசம்தான் சர்வீஸ் இருக்கு. முப்பது வருஷத்துல ஒரு கறை கிடையாது. அந்த ஆள்தான் ஒத்துக்கிட்டாரே. நான் வேணா ஜட்ஜுகிட்ட தண்டனையைக் குறைக்கச் சொல்லி எழுதித் தரேன். தயவு பண்ணி, இந்தத் தடவை...”

நின்றுவிட்டார்.

டீச்சர் காத்திருந்தார். பதில் தெரியாமல் எழுந்து நிற்கிற பிள்ளைக்கு நேரம் கொடுப்பது போலக் காத்திருந்தார். ஆய்வாளரின் உதடு இரண்டு முறை அசைந்தது. அந்த வார்த்தை வெளியே வரவில்லை. இனி அவர் வாயில் அது வராது என்று ரிவர்ஸுக்குத் தோன்றியது. பஸ்காரர் வீட்டில் போல, மேனேஜர் வாயில் போல.

“முடிங்க சார்,” என்றார் டீச்சர். “பயனிலை வரலை.”

ஆய்வாளர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

டீச்சர் கண்ணைக் காட்டினார். ரிவர்ஸ் மேசைமேல் இருந்த போனை இழுத்து நம்பரை அழுத்தினான். எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டான்.

“யாருங்க?” என்றது மனைவியின் குரல்.

“நான்தான் அக்கா, ரிவர்ஸ். அவர்கிட்ட போனைக் குடுங்க. உட்கார்ந்திருக்காரா?”

“ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருக்கார். என்னாச்சு அண்ணே? ஏதாவது தெரிஞ்சுதா?”

“அவர் சொல்லலைக்கா.”

அந்தப் பக்கம் ஒரு விம்மல் வெடித்தது. “அதைத்தானே நான் முதல்லேர்ந்து கத்திட்டிருக்கேன். ஒருத்தராவது கேட்டீங்களா?” போன் கை மாறுகிற சத்தம். “ஹலோ,” என்றார் பஸ்காரர், பயந்த குரலில்.

ரிவர்ஸ் போனை ஆய்வாளர் பக்கம் நகர்த்தினான்.

“கோர்ட்டு, பதவி எல்லாம் நாளைக்கு,” என்றார் டீச்சர். “பெரிய அதிகாரி வந்த பதட்டத்துல நீங்க சொன்னது அந்த மனுஷன் காதுல ஏறலை. ஒரு மாசமா தானே கொன்னுட்டதா நினைச்சுத் தூங்காம இருக்கார். முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. எழுவாயோட சொல்லுங்க.”

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார்.

“ஹலோ... நான் பாதுகாப்பு ஆய்வாளர் பேசறேன்.”

மறுமுனையில், ரப்பர் இல்லாத நாற்காலிக் கால் தரையில் உராய்ந்து கிறீச்சென்றது.

“சொல்லுங்க சார்,” என்றார் பஸ்காரர்.

ரிவர்ஸால் அதற்கு மேல் அந்தப் போனைப் பார்க்க முடியவில்லை.

“முதல்ல அவரை உட்காரச் சொல்லுங்க சார்,” என்றார் டீச்சர்.